பின்னணி இல்லாத ஊசித்தட்டான்

மாஞ்சோலையில் எடுத்த ஊசித்தட்டான் போட்டோக்களை ஐம்பது, நூறு என்று பார்த்தவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிடும்: அவை எல்லாம் ஒரே போட்டோ. சட்டத்தின் குறுக்கே ஒரு புல்லோ குச்சியோ சாய்ந்திருக்கும். அதில் பூச்சி பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கண்ணிலிருந்து வால்நுனி வரை ஒவ்வொரு கணுவும் துல்லியம். பின்னால் ஒரே பச்சை. மழுங்கிய, வழவழப்பான, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பச்சை. காலண்டரில் இது வருகிறது. கண்காட்சிச் சுவரில் தொங்குகிறது. கைபேசியில் காலை வணக்கத்தோடு வந்து சேர்கிறது. அடியில் மாஞ்சோலை என்று எழுதியிருப்பதால் அது மாஞ்சோலை. வால்பாறை என்று எழுதினால் வால்பாறையாகிவிடும். பூச்சி ஆட்சேபிக்காது.

இந்தப் படத்துக்கும் நம் சிறுபத்திரிகைகளில் பல பத்து வருஷங்களாக வந்துகொண்டிருக்கும் ஒருவகைக் கவிதைக்கும் ரத்த உறவு இருக்கிறது என்று நினைப்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஒரு பொருளைச் சூழலிலிருந்து கத்தரித்து எடுத்து, வெள்ளைத்தாளின் நடுவே வைத்து, சுற்றிலும் மௌனத்தை நிரப்பிவிட்டால் அது படிமமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய காலத்தில் இந்தக் கத்தரிப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. யாப்பின் சலிப்பிலிருந்தும் மேடைப் பேச்சின் இரைச்சலிலிருந்தும் பொருளை மீட்டுத் தனியே பார்க்க வேண்டியிருந்தது. அன்று அது கண்ணைக் கழுவிற்று. இன்று அது வெறும் கைப்பழக்கம். பச்சைப் பின்னணியும் அப்படித்தான்.

*

ஊசித்தட்டான் வேறு, தட்டான் வேறு என்பது குளத்தங்கரையில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் தெரியும். தட்டான் உட்கார்ந்தால் சிறகை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்ளும். தட்டான் கண்கள் அநேகமாக உச்சியில் வந்து முட்டிக்கொள்ளும். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரு ஓரத்தில் விலகி நிற்கும். கிட்டே போனால் அது உடனே பறப்பதில்லை. பிடித்திருக்கும் தண்டைச் சுற்றி நழுவி அந்தப் பக்கம் போய்விடும். உடம்பு தண்டின் பின்னால் மறைந்துபோகும். கண்கள் மட்டும் இருபுறமும் துருத்திக்கொண்டு நம்மைக் கவனித்தபடி இருக்கும். பார்க்கப் போனவன் பார்க்கப்படுகிறான். இந்த நிலையில் எடுத்த போட்டோ ஒன்றைக்கூட நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை. அது ‘நல்ல’ படமல்ல, பூச்சி மறைந்திருக்கிறது.

கவிஞர்கள் இதைத் தும்பி என்கிறார்கள். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு விளிக்கும் தும்பி தேன் தேடும் வண்டு. தட்டானும் ஊசித்தட்டானும் தேன் குடிப்பவை அல்ல. கொசுவையும் சிறு பூச்சிகளையும் பறக்கும்போதே பிடித்துத் தின்பவை. குஞ்சாகத் தண்ணீருக்குள் இருக்கும் காலத்திலும் மாமிசம்தான். மலையாளத்தில் தும்பி என்றால் தட்டான். தமிழ் எழுத்திலும் சொல் அந்தப் பக்கம் சாய்ந்துவருகிறது. சொல் இடம் மாறுவதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் பழைய தும்பியின் தேனையும் புதிய தும்பியின் கண்ணாடிச் சிறகையும் ஒன்றாகப் பிசைந்து, பூவில் தேனருந்தும் தட்டானைக் கவிதையில் உலவவிடுகிறவன் இரண்டையும் பார்க்காதவன். அவனுக்குச் சொல் மட்டும் தெரியும். ஊசித்தட்டான் என்று சொல்லக் கூசுவானேன்? ஊசி என்பதில் ஒரு பார்வை இருக்கிறது. யாரோ ஒருவர் அதை உற்றுப் பார்த்து வைத்த பெயர் அது.

*

பின்னணி மங்குவதற்கு லென்ஸைக் குறை சொல்ல முடியாது. பூச்சியை அதன் நிஜ அளவில் பிம்பமாக்கும் நெருக்கத்தில் துல்லியத்தின் ஆழம் ஓரிரு மில்லிமீட்டர். அதனால்தான் உடம்பைக் காமிராவுக்கு இணையாக வைத்துப் பக்கவாட்டில் எடுக்கிறார்கள். பின்னால் இருப்பது கரைவது ஒளியியல் நியதி. ஆனால் பின்னால் எது இருந்து கரைய வேண்டும் என்பது நியதி அல்ல, தேர்வு. போட்டோ எடுப்பவர்களோடு ஓடைக்கரையில் நின்று கவனித்திருக்கிறேன். பின்னால் பாறையில் வெயில் திட்டு விழுந்தால் நகர்கிறார்கள். காய்ந்த சருகு வந்தால் நகர்கிறார்கள். லயன் வீட்டுப் பெண் துவைத்துப் புதரில் காயப்போட்ட சிவப்புச் சேலை வந்தால் நிச்சயம் நகர்கிறார்கள். மங்கினால் அது வெறும் சிவப்புக் கறைதான், சேலை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கறையும் கூடாது. பச்சை கிடைக்கும் கோணம் வரை முழங்காலால் நகர்ந்து போகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதன் திசையைத்தான் மதிக்க முடியவில்லை.

தனியே பார்த்தால் பூச்சியையாவது முழுமையாகப் பார்க்கிறோமா? நியூரோபேஸிஸ் சைனென்ஸிஸ் என்ற ஊசித்தட்டானை எடுத்துக்கொள்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் பரவலாக உள்ளது. லின்னேயஸ் 1758இல் அதை விவரித்தபோது பெயரில் சீனாவைச் சேர்த்தார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு தேயிலைச் செடிக்கு அவர் வைத்த பெயரிலும் சீனா இருக்கிறது. ஆக, மாஞ்சோலை ஓடைக்கரையில் பெயரளவில் இரண்டு சீனாக்கள். ஒன்று தானாக இருப்பது, மற்றது கொண்டுவந்து நட்டது.

இதன் ஆண், பாறையில் சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும்போது உடம்பு உலோகப் பச்சை, சிறகு மங்கலான செம்புப் பழுப்பு. காலண்டர்ப் படத்தில் இருப்பது இதுதான். திடீரென்று ஒரு நொடி சிறகைத் திறந்து மூடும். பின்சிறகின் மேற்பக்கம் மயில்கழுத்துப் பச்சையாக எரிந்து அணையும். அந்தப் பச்சை சாயம் அல்ல. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் வுகுசிக்கும் அவரோடு இரண்டு பேரும் 2004இல் இதை ஆராய்ந்து காட்டினார்கள்: சிறகில் அடுக்கடுக்காக உள்ள நுண்படலங்கள் ஒளியைத் திருப்புவதால் பிறக்கும் நிறம் அது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். பார்ப்பவன் நிற்கும் இடத்தையும் சேர்த்தே அந்த நிறம் இருக்கிறது.

மூன்று காலைப்பொழுதுகள், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, ஓர் ஓடையின் பதினைந்தடி நீளத்தில் உட்கார்ந்து கவனித்தேன். காமிரா எடுத்துப் போகவில்லை. வெயில் பாறைக்கு வரும்வரை ஒன்றும் நடக்கவில்லை. வெயில் வந்ததும் ஆண்கள் வந்து ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டன. ஒன்றின் எல்லையில் மற்றொன்று நுழைந்தால் பச்சை திறந்தது. சந்தடி அடங்கினால் பழுப்புக்குத் திரும்பிற்று. தேன்நிறச் சிறகில் வெண்புள்ளி வைத்த பெண் வந்தபோது பச்சை வேறுவிதமாக, நீண்ட நேரம், தண்ணீரின் மேலேயே காட்டப்பட்டது. எல்லாப் பாறைக்கும் மதிப்பு ஒன்றல்ல. நீரில் வேர்களும் தண்டுகளும் அமிழ்ந்து கிடக்கும் இடத்துப் பாறைக்குத்தான் சண்டை. பெண் முட்டைகளைச் செருகுவது அவற்றில்தான். ஆக, அந்தப் பச்சைக்கு அர்த்தம் கொடுப்பவை எவை? வெயில் விழும் நேரம், நீரின் வேகம், அமிழ்ந்த வேர், அடுத்த பாறையில் உள்ள எதிரி. காலண்டர்ப் படம் மங்கலாக்கிவிடுவது சரியாக இந்த நாலையும்தான். எஞ்சுவது ஒரு நகை.

இன்னொரு படம். இரண்டு ஊசித்தட்டான்கள் கூடும்போது ஆண் தன் வால்நுனியால் பெண்ணின் கழுத்துப்பகுதியைப் பற்றிக்கொள்ள, பெண் தன் வயிற்றை வளைத்து ஆணின் மார்புக்குக் கீழே சேர்க்கும். இரண்டும் சேர்ந்து இருதய வடிவம் போல் தெரியும். இதற்குக் ‘காதல்’ என்று தலைப்பிடாத போட்டோக்காரன் இல்லை. கவிதைகளும் வந்திருக்கின்றன. 1979இல் வாகே என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர், நியூரோபேஸிஸின் குடும்பத்தையே சேர்ந்த காலாப்டெரிக்ஸ் என்ற ஊசித்தட்டானில் கண்டது வேறு. பெண்ணின் உடலில் முன்பு கூடிய ஆண் விட்டுச்சென்ற விந்தை, ஆண் முதலில் அகற்றுகிறது. பிறகே தன்னுடையதை வைக்கிறது. பல இனங்களில் பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை ஆண் பக்கத்திலேயே நிற்கிறது, அல்லது பிடியை விடுவதேயில்லை. அது காவல். இருதய வடிவத்தை அதில் கண்டது நம் வாழ்த்து அட்டைகள்.

இதைச் சொல்வது கவிதையை விஞ்ஞானத்துக்கு அடகு வைப்பதற்காக அல்ல. உள்ளுறை என்று நம்மிடம் ஒரு சாதனம் இருக்கிறது. நண்டும் நாரையும் யானையும் என்ன செய்கின்றன என்று கவிஞன் சொல்வான், மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவான், வாசகன் கோத்துக்கொள்வான். ஜந்து செய்வது சரியாக இருந்தால்தான் இந்தக் கோப்பு நிற்கும். அது தப்பினால் உள்ளே ஒன்றுமில்லை, வெளியே மட்டும்தான். ஊசித்தட்டானின் காவலையும் அபகரிப்பையும் தெரிந்த ஒரு கவிஞன் ஆணையும் பெண்ணையும் பற்றி எவ்வளவு குரூரமான, உண்மையான கவிதை எழுதியிருக்க முடியும்! நமக்குக் கிடைத்ததோ இருதய வடிவம்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. பாட்டில் சிறப்பு உரிப்பொருளுக்கே என்பதையும் அதே நூல் சொல்கிறது. என்றாலும் முதல் இல்லாமல் உரி இல்லை. ‘பின்னணி’ என்ற நம் சொல்லே இந்த அமைப்பைத் தலைகீழாக்கிவிட்டது. முதலாக இருந்ததைப் பின்னால் தள்ளி, திரைச்சீலையாக்கி, பிறகு அந்தச் சீலையிலும் சித்திரம் வேண்டாம் என்று பச்சை பூசிவிட்டோம்.

*

இந்தப் பூச்சுக்கு மாஞ்சோலையில் ஒரு தனி விலை இருக்கிறது.

1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று இன்று நாம் சொல்லும் ஊர்கள் அந்தக் குத்தகையில் பிறந்தவை. காட்டை வெட்டினவர்கள், தேயிலை நட்டவர்கள், மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். 1988இல் சுற்றியுள்ள மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. 1999 ஜூலை 23 அன்று, இந்தத் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்திற்று. 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அதற்குப் பின் அந்த நதி நம் எழுத்தில் பழைய நதியாக இல்லை. ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்ற மாரி செல்வராஜின் தலைப்பே அதற்குச் சாட்சி. 2024இல், குத்தகை முடிய நாலு வருஷம் இருக்கும்போதே, நிறுவனம் தோட்டத்தை மூட முடிவு செய்து தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் கேட்டது. வழக்குகள் நீதிமன்றம் போயின.

இதற்குப் பிறகு மாஞ்சோலை பற்றி எழுதப்படும் கவிதைகளில் இரண்டு வகையை அதிகம் பார்க்கிறேன். ஒன்று, காலியாகும் லயன் வீடுகளுக்காக அழுவது. மற்றது, காடு திரும்பி வருவதைக் கொண்டாடுவது. இரண்டிலும் ஏதாவது ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதலாவதில் துக்கமாக, இரண்டாவதில் வெற்றியாக. எந்தப் பூச்சி, எந்த ஓடையில், எந்த நிழலில் என்று இரண்டிலும் இல்லை. எதிரெதிர்க் கட்சிகள் ஒரே போட்டோவை வைத்துக்கொண்டு வாதாடுகின்றன.

ஊசித்தட்டானை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தவன் இப்படி எழுத முடியாது. அது ஓடைக்கு நேர்ந்த கதையைச் சொல்லும் ஜந்து. புரோடோஸ்டிக்டா என்ற பேரினம் இருக்கிறது. நூல் மாதிரி உடம்பு. மலைக்காட்டு ஓடையின் இருண்ட கரையில், தொங்கும் வேர்களில், வெயில் எட்டாத இடத்தில் வாழ்வது. மேலே கூரையாக நிற்கும் மரம் போனால் அதற்கு அங்கே வேலையில்லை. இஸ்க்னூரா செனகலென்ஸிஸ் இதற்கு நேர் எதிர். பெயரில் செனகல், ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பரவியது. திறந்த வெயிலும் தேங்கிய தண்ணீரும் போதும், அழுக்குத் தண்ணீரானாலும் சரி. கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல் வாய்க்கால்களில் மஞ்சளாகத் திரியும் செரியாக்ரியான் கோரமாண்டலியானம் பெயரில் நம் சோழமண்டலக் கரை. காட்டைத் திறந்து வெயிலை உள்ளே விட்டால், நீரைத் தேக்கினால், முதல் வகை பின்வாங்கும், இரண்டாம் வகை முன்னேறும். ஆகவே தோட்டத்தில் ஒரு குட்டையோரம் உட்கார்ந்திருக்கும் ஊசித்தட்டான் ‘இயற்கை’ அல்ல. அல்லது இயற்கை மட்டும் அல்ல. 1929ம், கோடரியும், குட்டையை வெட்டிய கூலியும் அதன் வருகையில் இருக்கின்றன. சிவப்புச் சேலையை விலக்கி எடுத்த படம், பூச்சி அங்கே இருப்பதற்கான காரணத்தில் பாதியை விலக்கிவிட்டது. தேயிலைச் சரிவு நடுவே வெட்டாமல் விட்ட சோலைத்துண்டு ஒன்றில் நூலுடம்புப் பூச்சி தொங்கினால், அதிலும் கோடரியின் கதை இருக்கிறது, கோடரி எங்கே நின்றது என்பதாக.

நிலத்தோடு பார்ப்பது புதிய யோசனை அல்ல. ஃப்ரேஸர் ராணுவ மருத்துவர். இந்தியத் தட்டான்கள் பற்றிய அவருடைய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936இல் வந்தன. அவர் வலைபோட்டுப் பிடித்துக் கொன்று வைத்தவர். செத்த ஊசித்தட்டானின் நிறம் சீக்கிரம் மங்கிவிடும். ஆனால் அந்தப் புத்தகங்களில் உயரமும் ஓடையும் நிழலும் மங்கவில்லை. எழுதியிருக்கிறார். 2005இல் வந்த கே. ஏ. சுப்ரமணியனின் கையேடு, தட்டான்களைப் பெயர் சொல்லிக் காணும் வழியை வலை தூக்காதவனுக்கும் திறந்துவிட்டது. மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன், 1996இல் இறக்கும்வரை கறுப்பு வெள்ளையை விடாதவர். அவர் படங்களில் யானை தன் புல்லோடும் மரத்தோடும் நிற்கும். கானுயிர் பற்றிய அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுக்கப்பட்டிருக்கின்றன. நம் கவிஞர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்க விருப்பமில்லை. தமிழில் பார்த்து எழுதிய உரைநடை அங்கே இருக்கிறது. உணர்ச்சியைப் பூசாமல், ஜந்துவை நம்பி எழுதிய உரைநடை.

நெருக்கமாகப் பார்ப்பதற்கு எதிராக நான் வாதாடவில்லை. உற்றுப் பார்க்க எதையாவது விலக்கத்தான் வேண்டும். ஃப்ரேஸரும் விலக்கினார், சங்கக் கவிஞனும் விலக்கினான். எதை விலக்குகிறோம் என்ற பிரக்ஞையோடு விலக்கினார்கள். அகன்ற கோண லென்ஸை வைத்துப் பூச்சியின் முகத்தருகே போனால், பூச்சியும் பெரிதாக விழும், ஓடையும் சரிவும் லயன் கூரையும் அடையாளம் தெரியும்படி பின்னால் நிற்கும். அப்படி எடுப்பவர்களும் உண்டு. அவர்கள் படம் காலண்டருக்குப் போவதில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. கொழுந்து பறிக்காமல், கவாத்துச் செய்யாமல் விட்ட தேயிலைச் செடி இடுப்பளவில் நிற்பதில்லை, மரமாக உயரும். தோட்டம் கைவிடப்பட்டால் ஓடைகளின்மேல் நிழல் மாறும். நிழல் மாறினால் எந்த ஊசித்தட்டான் எந்தப் பாறையில் என்பது மாறும். திறந்தவெளிப் பூச்சிகள் சில இறங்கிப் போகலாம், காட்டுப் பூச்சிகள் சில வரலாம், அல்லது வராமலே போகலாம். மனிதர் இருந்த காலத்து ஓடையையும் அவர்கள் போன பின் உள்ள ஓடையையும் ஒப்பிட விரும்புகிறவன், அவன் விஞ்ஞானியாகட்டும் கவிஞனாகட்டும், இன்று எடுக்கும் படங்களிடம்தான் வந்து நிற்பான். படத்தில் மரக்கூரை இருந்ததா? கரையில் தேயிலை எதுவரை வந்திருந்தது? யார் அங்கே துணி துவைத்தார்கள்? எதற்கும் அந்தப் பச்சையிடம் பதில் இருக்காது. ஒரு பூச்சியின் சிறகில் உள்ள நரம்புகளை மட்டும் அவன் எண்ணிக்கொள்ளலாம்.